ஒரு யூனிட்டின் சாம்பல்

"சார், போன் சார்ஜரை பிளக்லயே விட்டுட்டுப் போனா எவ்வளவு கரண்ட் போகும்?"

எரிசக்தித் தணிக்கை என் தொழில் என்று தெரிந்ததும் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர் வீட்டில் படுக்கையறைக்கு ஒன்றாக ஏசி இருக்கும். அதைப் பற்றிக் கேள்வியே வராது.

கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு ஸ்மார்ட்போனைத் தினமும் முழுதாகச் சார்ஜ் செய்தால் வருஷத்துக்கு 6, 7 யூனிட் ஆகும். ஒன்றரை டன் ஏசியை ஒரு வெயில்கால ராத்திரியில் பத்து மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு அணைத்தால், அதுவும் கிட்டத்தட்ட 6, 7 யூனிட் இழுத்துவிடும். வருஷம் முழுக்கப் பேசிய போனும் ஒரே ஒரு ராத்திரித் தூக்கமும் மீட்டரில் ஒன்றுதான். பிளக்கில் சும்மா தொங்கும் சார்ஜர் இந்தக் கணக்கில் தூசு.

தொழிற்சாலைக்குத் தணிக்கைக்குப் போனால் இந்தக் குழப்பம் இருக்காது. முதலில் அளப்போம். எது அதிகம் தின்கிறதோ அது பட்டியலில் மேலே ஏறும்: கொதிகலன், உலை, ஏர் கம்ப்ரஸர். மேனேஜர் அறை டியூப்லைட்டிலிருந்து யாரும் தொடங்க மாட்டார்கள். வீட்டில் மட்டும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. கண்ணில் படுவது முதலில் வருகிறது: மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பை. அவற்றில் தப்பேதும் இல்லை. அவற்றை வாங்கியதும் மனசு நிறைந்துவிடுகிறது, பாருங்கள், எனக்கு அதுதான் கவலை.

துணிப்பையையே எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சாக்கடை அடைப்பையும் மாட்டின் வயிற்றையும் நினைத்தால் அது சரியான முடிவுதான். ஆனால் பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும், நூற்று நெய்யக் கரண்ட் வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட, ஒரு பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையை விட மேல். நம் வீட்டில் என்ன நடக்கிறது? போகிற கல்யாணத்தில் எல்லாம் தாம்பூலப் பை துணியில் கொடுக்கிறார்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் பைகள் சரிந்து விழுகின்றன. இருக்கிற பை கிழிகிறவரை புதுப் பை வாங்காமல் இருப்பதுதான் அந்தப் பைக்குச் செய்யும் மரியாதை.

இனி பெரிய எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நான் இருக்கும் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

நமக்கு வரும் கரண்டில் காற்றாலை, சூரியசக்தி, கல்பாக்கம், கூடங்குளம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக வீசும். ராத்திரியில் சூரியன் இல்லை. ஆகவே ஏப்ரல் மாத இரவில் ஓடும் ஏசிக்குப் பெருமளவு நிலக்கரிதான் எரிகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி. ஒடிசாவின் தால்ச்சேர் பக்கத்திலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வரும் இந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு ராத்திரி ஏசிக்கு ஒன்றரைக் கிலோ சாம்பல். இரண்டு மாத ஈபி பில்லில் உங்கள் படுக்கையறையின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 100 கிலோ.

அதில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் போகிறது. மீதி தண்ணீரில் கலந்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. காற்றடித்தால் சாம்பல் வீட்டுக்குள் வரும். குழாய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது, காட்டுக்குப்பத்து மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தெற்கே அடையாறிலும் வேளச்சேரியிலும் குளிரும் அறைகளின் சாம்பலை வடக்கே இருப்பவர்கள் கூட்டிப் பெருக்குகிறார்கள். சுற்றுச்சூழல் பொறுப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது செப்பாக்கம்தான், பனிக்கரடி இல்லை.

ஏசி வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. மே மாதத்தில் வியர்வை காயாத ஊரில், வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போது அப்படிச் சொல்வது அராஜகம். ஆனால் ஏசியைப் பற்றி யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது: அறையைக் குளிரவைக்கும் கேஸ்.

வருஷா வருஷம் மார்ச்சில் சர்வீஸ் தம்பி வருவார். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடட்டுமா?" என்பார். நாமும் தலையாட்டி, காசைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். பெட்ரோல் மாதிரி கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, போனது காற்றில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற கேஸ், கார்பன் டை ஆக்சைடை விட இரண்டாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அரைக் கிலோ கசிந்தால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கரி, காற்று, சூரியன் எல்லாம் கலந்த நம் மின்கட்டத்தின் சராசரியில் பார்த்தால், அந்த ஏசி 200 ராத்திரி ஓடுவதற்கு ஆகும் கரியமிலக் கணக்கு அது. இப்போது வரும் ஆர்-32 பரவாயில்லை, அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்-290இல் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை, ஆனால் தீப்பற்றக்கூடியது என்பதால் தெரிந்த ஆள்தான் கை வைக்க வேண்டும்.

ஆகவே டாப்-அப் கேட்டால், "முதல்ல லீக்கைக் கண்டுபிடிங்க தம்பி" என்று சொல்லுங்கள். நைட்ரஜன் அடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று ஏசியின் குழாய்ச் சுருளை (காயில்) அரித்திருக்கும். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றினால், குழாயைப் பிரிக்கும் முன் 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் போய் அடைந்துவிடும், பத்து நிமிஷ வேலை. அவசரத்தில் நட்டைத் திறந்து 'புஸ்'ஸென்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் வாழ்நாளில் தவிர்க்கும் பிளாஸ்டிக் பைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் 'புஸ்'ஸுக்கு ஈடாகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுற்றுவட்டாரம். ஃபேன் பன்னிரண்டு மாதமும் சுற்றும் ஊரில், தினம் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே வருஷத்துக்கு 200 யூனிட் மிச்சம். 2020இலிருந்து நட்சத்திர முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதை அப்படியே விட்டு, ஃபேனையும் மெதுவாகப் போட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. தண்ணீர்த் தொட்டி வழிந்தால் மோட்டார் கரண்ட் பெரிய விஷயமில்லை. அந்தத் தண்ணீர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி வந்ததாக இருந்தால், ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் அங்கேயே செலவாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

சோலார் பற்றிக் கேட்பார்கள். போடுங்கள். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, நாளுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். ஆனால் சோலார் போட்ட வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம், "இனிமே ஏசி எவ்வளவு ஓடினா என்ன சார்!" பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததை ராத்திரியில் திரும்ப வாங்கும்போது கரி எரிகிறது என்பதை பில் காட்டாது. முதலில் தேவையைக் குறைத்துவிட்டு, பிறகு பேனல் வாங்குவதுதான் என் யோசனை.

இன்னொன்று. 'இயற்கையோடு இயைந்து எளிமையாக வாழ்கிறார்கள்' என்று சிலரைக் காட்டி உருகுவது எனக்கு ஒவ்வாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழே ஒற்றை ஃபேனோடு, இலவச 100 யூனிட்டுக்குள் முடங்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களின் கரியமிலக் கணக்கு மிகக் குறைவு. அது அவர்கள் எடுத்த முடிவு இல்லை. அவர்களுக்குக் குளிர்ச்சி கூட வேண்டும், நமக்குத்தான் குறைய வேண்டும்.

இந்த இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கைகொடுப்பது கூரை. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டை மாடித் தளத்தில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு 5 அங்குல கான்கிரீட்டைக் கடந்து உள்ளே வர நேரமெடுக்கும். அதனால்தான் வெளியே கடற்காற்று வந்த பிறகும், ராத்திரி பத்து மணிக்கு மேல்மாடி வீடு அடுப்பாக இருக்கிறது. ஏசி அப்போது எதிர்த்துப் போராடுவது மத்தியான வெயிலோடு. வெள்ளை பூசிய தளம் அதே வெயிலில் 40களில் நிற்கும். தெலங்கானா 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய நம் ஊர்ப் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டை ஓடும் (தட்டோடு) இந்த வேலையைத்தான் செய்தன.

அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: "மேல் வீட்டுக்காரங்களுக்குத்தானே சூடு? அவங்களே பூசிக்கட்டும்." மாடி எல்லோருக்கும் பொது. சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்கி அந்தத் தளம் வெடிப்பு விட்டால், மழைத் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது மொத்தக் கட்டடத்துக்கும்தான். இந்த வாதம் சுற்றுச்சூழல் வாதத்தை விட நன்றாக எடுபடுகிறது. எடுபடுவதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

செலவு செய்ய முடிந்தால் வெள்ளைத் தட்டை ஓடு பதிக்கலாம். நடுத்தரமாக என்றால் வெப்பம் எதிரொளிக்கும் பெயிண்ட், ஆனால் அழுக்கேறினால் பலன் போய்விடும், கழுவ வேண்டும். காசே இல்லையென்றால் பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கோட். அடுத்த மழையில் கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போதே மாடித் தளத்துக்கும் கூலி பேசிவிடுங்கள். மார்ச் பிறந்துவிட்டால் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வெயிலில் மேலே ஏற மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தானே.