ஓவர்ஹால் முடிந்தும் ஸ்டார்ட் ஆகாத டிராக்டர்: முதலில் புகைக்குழாயைப் பாருங்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒரு டிராக்டர் நின்றால் குலைகள் பாதையோரத்திலேயே கிடக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, தரம் இறங்கும். இந்த அவசரத்தில்தான், ஓவர்ஹால் செய்த, அதாவது முழுதாகப் பிரித்துப் பழுதுபார்த்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலர் டீசல் பம்பைக் கழற்றி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லாத செலவு. பம்பில் கை வைக்கும் முன், ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும், இன்னொருவர் புகைக்குழாயைப் பார்க்கட்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. சுற்றும்போது புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இரண்டும் வேறு வேறு வழக்குகள், கலந்து பார்க்கக் கூடாது.

புகை இல்லாத வழக்கு சுலபமானது. முதலில் ஸ்டாப் கம்பி, அதாவது எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி. பொருத்தும்போது கம்பி இழுபட்ட நிலையிலேயே மாட்டியிருந்தால், பம்பின் நெம்பு நிறுத்தும் பக்கமே நிற்கும். எத்தனை முறை சுற்றினாலும் பயனில்லை. அது சரியென்றால் அடுத்தது ஏர், அதாவது டீசல் குழாய்களில் சிக்கிய காற்று. மாஸி பெர்குசன் 135 போன்ற பழைய வண்டிகளில் உள்ள சிஏவி டிபிஏ வகை டீசல் பம்பு, உள்ளே கொஞ்சம் காற்று இருந்தாலே டீசல் தள்ளாது. ஃபில்டரின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை நெம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும்வரை விடவும். நெம்பு அடிபடாமல் தொளதொளவென்று இருந்தால் ஃபீட் பம்பு பழுதென்று முடிவு கட்ட வேண்டாம். கேம் (எஞ்சினுக்குள் சுற்றும் தண்டின் மேடு) அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் போதும். பிறகு பம்பின் பக்கத்திலும் மேல் மூடியிலும் உள்ள இரண்டு ஏர் ஸ்க்ரூக்கள், கடைசியாக இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் பாகம்) முனையில் பைப் நட்டுகள் என இதே வரிசையில் தளர்த்திக் காற்றை எடுக்கவும். திராட்டிலை முழுதாகத் திறந்து, 10 முதல் 15 நொடி சுற்றி, ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிட்டு மறுபடி சுற்றவும்.

எஞ்சின் பட்டறையில் கிடந்த வாரங்களில் பம்பும் சும்மா கிடந்திருக்கும். உள்ளே பழைய டீசல் பிசினாகி, அளவு விடும் வால்வு ஒட்டிக்கொள்வதுண்டு. ஏர் முழுதாக எடுத்தும் பைப் முனையில் டீசல் வரவில்லை என்றால் மட்டுமே பம்பைச் சந்தேகிக்கலாம்.

வெள்ளைப் புகைதான் கவனம் கேட்கும் வழக்கு. முதலில் வேகம்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சுற்றாவது வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தும் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசிந்து, சூடும் சிலிண்டர் சுவரில் ஆறிவிடும். சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் கேபிள்களையும் பாருங்கள். ஓவர்ஹாலுக்குப் பின் அடிக்கடி நடப்பது, புதுப் பெயிண்ட் மேலேயே எர்த் பட்டையை முடுக்கிவிடுவது. அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. புது ரிங் இன்னும் சுவரோடு பழகாததால் கொஞ்சம் கசிவது இயல்பு. இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் கசிவு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளியை இறுக்கமாக வைத்திருந்தால் வால்வு முழுதாக மூடாது. 10 மில்லிக்கு மேல் விடாதீர்கள். 135-இன் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது மீதமிருக்கும் இடம் சுமார் 48 மில்லிதான். ஆயில் அதை நிரப்பினால் கனெக்டிங் ராடு வளையும். இதே கணக்கில், ஹெட் கேஸ்கெட் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலே 18.5 ஆக இருக்க வேண்டிய அழுத்த விகிதம் 17.4 ஆகிவிடும். "பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது" என்று வேறு கேஸ்கெட் போடுவது இதனால்தான் ஆபத்து.

கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால் மிஞ்சுவது டைமிங், அதாவது வால்வு திறக்கும் நேரமும் டீசல் விழும் நேரமும். 50 பல் உள்ள கேம் கியரை ஒரு பல் தள்ளி மாட்டினால் கேமில் 7.2 டிகிரி, கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டில்) 14.4 டிகிரி பிசகு. பம்பு கியரிலும் அதே கணக்குதான். டீசல் அந்த அளவு முன்னாலோ பின்னாலோ விழும்போது காற்றின் சூடு போதாது, வெள்ளைப் புகையாக வெளியேறும். மூடியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: நடுவில் உள்ள ஐட்லர் கியரின் குறிகள் ஒவ்வொரு சுற்றிலும் நேர்கோட்டுக்கு வராது. ஒரே சுற்றில் குறி சேரவில்லை என்று பிரித்துவிட வேண்டாம். பல சுற்றுக்குப் பிறகே சேரும்.

இந்த நிலையில் இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுப்பது தோட்டத்தில் பழகிப்போன வழி; அது வேண்டாம். டைமிங் தவறியிருந்தால் வால்வு பிஸ்டனில் மோதலாம், வால்வைத் திறக்கும் புஷ் ராடு வளையலாம். காற்று வழியில் அடிக்கும், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது முன்கூட்டியே வெடித்துப் புது ரிங்கையே உடைக்கலாம்.

ஸ்டார்ட் ஆகியும் ஒரு சிலிண்டர் மட்டும் வெள்ளைப் புகை விட்டால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்துங்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். கை, முகம் தள்ளியே இருக்கட்டும். எந்த நட்டைத் தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றமில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். அங்கே இன்ஜெக்டரைக் கழற்றியதும் முதலில் செம்பு வாஷரை எண்ணுங்கள்: பழையது அடியில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதியதும் விழுந்திருக்கும்.