டிபி கிருமி மருந்துக்கு அடங்குமா? 81 எழுத்துல பதில் இருக்கு

டிபி கிருமி ரொம்ப மெதுவா வளரும். ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழல் கிடைச்சா 20 நிமிஷத்துல ரெண்டா பிரிஞ்சிடும், டிபி கிருமிக்கு அதுக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதனால சளிய எடுத்து கல்ச்சர் போட்டு, வளர்ந்த கிருமிக்கு மருந்து வச்சு சாகுதா பொழைக்குதான்னு பாக்குற பழைய முறையில பதில் வர வாரக்கணக்கு, சிலசமயம் மாசக்கணக்கு ஆயிடும். அதுவரைக்கும் அந்த மனுஷன் வேலை செய்யாத மாத்திரைய முழுங்கிட்டு, இருமிக்கிட்டு, கூட இருக்கறவங்களுக்கும் பரப்பிட்டு இருக்கலாம். அதை நினைச்சாதான் கிருமிய வளக்காம பாக்குற ஒரு டெஸ்ட்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள பதில் வர்றது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும்.

சரி, கிருமிய வளக்காமலே எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ரிஃபாம்பிசின்ங்கிற மருந்துதான் டிபி சிகிச்சையோட முதுகெலும்பு. கிருமி உயிரோட இருக்கணும்னா டிஎன்ஏல உள்ளதை ஆர்என்ஏவா படியெடுத்துட்டே இருக்கணும், அந்த வேலைய பாக்குற என்சைம்ல ஒரு பள்ளம் இருக்கு, ரிஃபாம்பிசின் அங்க போய் உக்காந்து வளர்ற ஆர்என்ஏ இழைய வழிமறிச்சிடும். அந்த இடத்துக்கான ஜீன் பேரு ஆர்பிஓபி. அதுல ஒரே ஒரு எழுத்து, அதாவது டிஎன்ஏ வரிசையோட ஒரு அலகு, மாறினா கூட பள்ளத்தோட வடிவம் மாறிடலாம், மருந்து உக்கார முடியாது. கிருமியோட மொத்த டிஎன்ஏ சுமார் 44 லட்சம் எழுத்து. ஆனா ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகள்ல ஏறக்குறைய 95 சதவீதத்துல மாற்றம் இருக்கறது வெறும் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டுக்குள்ளதான். அந்த துண்ட மட்டும் படிச்சா போதும்!

2010 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்ச ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்ட் இதைத்தான் செய்யுது. சளியில ஒரு திரவம் கலந்து 15 நிமிஷம் வச்சு கார்ட்ரிட்ஜ்ல ஊத்திட்டா மிச்சமெல்லாம் உள்ளயே நடக்கும். கிருமிய வடிகட்டி, கழுவி, அல்ட்ராசவுண்ட் அதிர்வால உடைச்சு டிஎன்ஏவ வெளிய எடுத்து, பிசிஆர் மூலமா அந்த துண்ட மட்டும் ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருக்கும். சரியா இரட்டிச்சா 30 சுத்துல ஒண்ணு 100 கோடிய தாண்டிடும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இனிமேதான். அந்த 81 எழுத்த அஞ்சு புரோப், அதாவது தனக்கு பொருத்தமான வரிசைய தேடி ஒட்டுற குட்டி டிஎன்ஏ துண்டுகள், பங்கு போட்டுக்கும். ஒவ்வொண்ணும் கொண்டை ஊசி மாதிரி மடிஞ்சிருக்கும், ஒரு நுனியில ஒளிர்ற சாயம், இன்னொரு நுனியில அந்த ஒளிய விழுங்குற பொருள், மடிஞ்சிருக்கும்போது ரெண்டும் ஒட்டி இருக்கறதால இருட்டு. தனக்கு பொருத்தமான எழுத்து வரிசை கிடைச்சா ஊசி விரிஞ்சு ஒளிரும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சரியா ஒட்டாது, விரியாது. அஞ்சும் ஒளிர்ந்தா டிபி இருக்கு, ரிஃபாம்பிசின் கேக்கும். ஒண்ணு மட்டும் ஒளிரல, இல்ல ரொம்ப லேட்டா ஒளிருதுன்னா அந்த இடத்துல எழுத்து மாறியிருக்கு. எதுவுமே ஒளிரலன்னா டிபி இல்லையா, மெஷின் சரியா ஓடலையா? அதுக்காகவே கார்ட்ரிட்ஜ் உள்ள வேற ஒரு பாக்டீரியாவோட ஸ்போர் (தூங்குற வித்து மாதிரி) வச்சிருக்காங்க, அது தெரிஞ்சாதான் "இல்லை"ங்கிற பதில நம்பலாம். 2017ல வந்த இதோட புது வடிவமான அல்ட்ரா இன்னும் நுணுக்கமானது, முன்னாடி ஒரு மில்லி சளியில நூத்துக்கும் மேல கிருமி தேவைப்பட்டுச்சு, இதுக்கு சுமார் 16 போதும்.

ஆனா இது படிக்கிறது அந்த 81 எழுத்த மட்டும்தாங்கறத மறக்கவே கூடாது. துண்டுக்கு வெளிய நடந்த மாற்றம் இதோட கண்ணுல படாது. என்சைம பாதிக்காத வெத்து மாற்றம் உள்ள இருந்தாலும் சிலசமயம் "மருந்து கேக்காது"ன்னு சொல்லிடும். டிபிக்கு குடுக்குற இன்னொரு முக்கிய மருந்தான ஐசோநியாசிட் பத்தி இது ஒண்ணுமே சொல்லாது, அதுக்கு கேட்ஜி, ஐஎன்எச்ஏன்னு வேற ஜீன்கள பாக்குற தனி டெஸ்ட் வேணும். இன்னொண்ணு, செத்த கிருமியோட டிஎன்ஏவும் ஒளிரும். மருந்து நல்லா வேலை செஞ்சு கிருமியெல்லாம் செத்த பிறகும் பாசிட்டிவ் வரலாம், அதனால சிகிச்சை நடக்கும்போது முன்னேற்றத்த பாக்க இன்னைக்கும் அந்த பழைய மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும்தான்.