சியர்லீடிங் பாதுகாப்பு, பாறையேற்றம் ஆபத்து: இந்தக் கணக்கு சரியா?

"பாறை ஏறுற கேம்ப்புக்குப் போகணும்னு ஒரே அடம்ங்க. கை கால் உடைஞ்சா யாரு பார்க்குறது? வேண்டாம்னுட்டோம். பதிலா சியர்ல சேர்த்துவிட்டோம், அது டான்ஸ் மாதிரிதானே?"

டெக்சாஸில் டாலஸ் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வரும் பிள்ளைகளில் சியர் ஆடுபவர்களும் உண்டு, ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்தவர்களும் உண்டு, பாறை மாதிரி அமைத்த செயற்கைச் சுவரில் ஏறி விரல் வீங்கியவர்களும் உண்டு. சியரில் சேர்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைப் பயந்து தடுத்துவிட்டு, இன்னொன்றுக்கு என்ன ஏது என்று கேட்காமலேயே கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சியர்லீடிங் என்றதும் மைதானத்தின் ஓரத்தில் நின்று வண்ணக் குஞ்சங்களை ஆட்டுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கூட்டத்தைப் பார்த்துக் கோஷம் எழுப்பித் தொடங்கிய காலத்தில் அது வெறும் உற்சாகக் குரல்தான், அதுவும் ஆண்களின் குரல். இன்று பள்ளிகளிலும் தனியார் ஜிம்களிலும் பிள்ளைகள் செய்வதில் பெரும்பகுதி ஜிம்னாஸ்டிக்ஸ். பாஸ்கெட் டாஸ் என்ற ஒரு வித்தையை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேர் மணிக்கட்டுகளைக் கோத்துச் சதுரமாகப் பிடிக்க, மேலே போகும் பெண் அதில் கால் வைக்கிறாள். அவளை ஃப்ளையர் என்பார்கள், தாங்குபவர்களை பேஸ். பின்னால் ஒருத்தி இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட, எல்லோரும் ஒன்றாக முட்டி மடக்கி நிமிரும் வேகத்தில் அவள் 20 அடி வரைகூடப் பறக்கிறாள். மேலே சுழல்கிறாள், முதுகு கீழாக இறங்குகிறாள். கீழே விரித்த கைகள்தான் அவளுக்கிருக்கும் ஒரே பிடிமானம். அந்தக் கைகளும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுடையவை.

புள்ளிவிவரங்களைப் பார்க்கும்போது ஒரு முரண் தெரியும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2009 முதல் 2014 வரையிலான ஐந்து கல்வியாண்டுகளின் தரவை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பிள்ளை ஒரு பயிற்சிக்கோ போட்டிக்கோ வருவதை ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், 1000 தடவைக்கு 0.71 காயங்கள். ஒப்பிட்ட 22 விளையாட்டுகளில் சியருக்கு 18-வது இடம். கால்பந்து, கூடைப்பந்து எல்லாம் இதைவிட மேலே. இதை மட்டும் படித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அதே ஆய்வில், மூன்று வாரத்துக்கு மேல் ஆட முடியாமலோ அந்த சீசனையே இழந்தோ போகும் அளவுக்கான காயங்களின் பங்கில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அடுத்த இடம் சியருக்குத்தான். காயங்களில் பாதிக்கு மேல் ஸ்டன்ட், அதாவது ஆளைத் தூக்கி நிறுத்தும், வீசிப் பிடிக்கும் வித்தைகள் செய்யும்போது நடந்தவை. அதிகம் பதிவானது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு.

அதாவது, அடிபடுவது குறைவு. பட்டால் பெரிதாகப் படுகிறது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பேரிழப்புக் காயங்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. மரணம், நிரந்தர ஊனம், கழுத்தெலும்பு அல்லது மண்டையோட்டு முறிவு போன்றவற்றை 1982 முதல் அங்கே பதிவு செய்கிறார்கள். முதல் கால் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீராங்கனைகளுக்கு நேர்ந்த அப்படிப்பட்ட காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு சியரில் நடந்தவை. பதறவேண்டாம், லட்சக்கணக்கானோர் ஆடும் விளையாட்டில் எண்ணிக்கையாகப் பார்த்தால் இவை மிகச் சில. ஆனாலும் ஒரே விளையாட்டுக்கு இவ்வளவு பங்கு இருப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி சாகச விளையாட்டுகளுக்கு வருவோம். ஸ்கேட்போர்டிங், ஸ்னோபோர்டிங், பனிச்சறுக்கு, மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண் தடத்தில் மோட்டார் பைக் ஓட்டுவது), மலைச் சைக்கிள் உள்ளிட்ட ஏழு விளையாட்டுகளில் 2000 முதல் 2011 வரை அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்த காயங்கள் சுமார் 40 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் தலையிலும் கழுத்திலும் பட்டவை 11.3 சதவீதம். அந்தத் தலை, கழுத்துக் காயங்கள் மிக அதிகமாக வந்தது ஸ்கேட்போர்டில். இதற்கு எதிராக, 2002-ல் 5 முதல் 18 வயதுக்குட்பட்டோரில் சியர் காயத்துக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 22,900. இரண்டையும் அருகருகே வைத்து "பார்த்தீர்களா, சியர் எவ்வளவோ மேல்" என்று முடிவுகட்டுவது தப்பு. முதலாவது எல்லா வயதினருக்கும் ஏழு விளையாட்டுகளுக்குமான பன்னிரண்டு வருடத் தொகை. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்ற வகுக்கும் எண் இல்லாமல் இந்தத் தொகைகளால் ஒன்றையும் நிறுவ முடியாது.

வகுக்கும் எண் கிடைக்கும் இடத்தில் என்ன தெரிகிறது? ஜெர்மனியில் ஓர் உள்ளரங்கச் சுவரேற்றக் கூடத்தில் ஐந்து ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். 5,15,337 வருகைகள், சிராய்ப்புகளை ஒதுக்கிவிட்டால் 30 காயங்கள். 1000 மணி நேரத்துக்கு 0.02. நாம் பயந்து தடுக்கும் 'பாறை ஏறும்' விளையாட்டு, கட்டுப்பாடான இடத்தில் நடந்தால், இவ்வளவுதான். இதே 'சாகசம்' என்ற பெயருக்குள் மோட்டோகிராஸும் இருக்கிறது, அதை என்னால் ஒரு பிள்ளைக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆகவே சாகச விளையாட்டு ஆபத்தா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த விளையாட்டு, எங்கே, யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள், பேசலாம்.

சுவரேற்றத்தில் விழுவார்கள் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் எல்லாம் தொடங்குகிறது. இடுப்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை, அதில் கயிறு, கயிற்றைப் பிடிக்க ஒருவர். ஏறும் முன் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் இழுத்துப் பார்க்கவேண்டும். பனிச்சறுக்கிலும் தலைக்கவசம் இல்லாத பிள்ளையை இன்று பார்ப்பது அரிது. சியரில் கயிறும் இல்லை, கவசமும் இல்லை. விழுந்தால் தாங்க இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் அடிபடும். இறங்குபவளின் முழங்கை பேஸாக நிற்பவளின் நெற்றியில் இடித்து கன்கஷனோடு வருவது எங்கள் துறையில் புதிதல்ல. பெற்றோர் மேலே பறக்கும் மகளை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறார்கள். "எங்க பொண்ணு கீழதான் நிக்குறா, பிரச்சினை இல்ல" என்பவர்களுக்கு நான் சொல்வது, மணிக்கட்டும் தோளும் இடுப்பு முதுகும் வலிக்கிறது என்று வருபவர்களில் பேஸ்கள் நிறைய.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெற்றோரே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது இது. ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலுள்ள நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009-ல் சியர் பயிற்சி நடக்கும் பத்து வகைத் தரைகளைச் சோதித்தார்கள். எந்த உயரத்துக்கு மேலிருந்து விழுந்து தலை மோதினால் உயிராபத்தான மூளைக் காயம் வரக்கூடும் என்பதுதான் சோதனை. கான்கிரீட்டிலும், அதன் மேல் ஒட்டிய வினைல் டைல்ஸிலும் அந்த உயரம் அரை அடி. ஸ்பிரிங் வைத்த தளத்தில் 11 அடிக்கும் மேல். ஒரு பள்ளியில் கூடைப்பந்து அணி ஜிம்மை எடுத்துக்கொண்டதால் சியர் பிள்ளைகள் உணவுக்கூடத்துக்கு வெளியே நடைபாதையில் ஸ்டன்ட் பழகுவதை நானே பார்த்தேன். தரை பளபளவென்று டைல்ஸ். ஓரத்தில் சுருட்டி வைத்த ஒரு மேட், அதை யாரும் விரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா அந்தத் தரையைப் பார்த்திருந்தால் அன்றே பேசியிருப்பார்கள்.

விதி போட்டால் மாறுமா என்றால், மாறும். 2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் நடந்த கூடைப்பந்துப் போட்டியின்போது தெற்கு இலினாய் பல்கலைக்கழக சியர் மாணவி ஒருவர், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று அமைக்கும் பிரமிடிலிருந்து தலைகுப்புற விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் தன் அணியின் பாட்டுக்குக் கையசைத்தார் என்று நாடே வியந்தது. எனக்கு அந்தக் காட்சியை இன்றும் வியப்போடு பார்க்க வராது, கழுத்தில் அடிபட்ட ஒருவர் அசையாமல் இருக்கவேண்டிய நேரம் அது. அதே வருடம் கடினமான தரையில் பாஸ்கெட் டாஸ் செய்யத் தடை வந்தது. அதற்குப் பிறகு பாஸ்கெட் டாஸால் நேரும் பேரிழப்புக் காயங்களின் விகிதம் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

இருந்தும் சியரை விளையாட்டாக நடத்துவதா, கலைநிகழ்ச்சியாக நடத்துவதா என்ற இழுபறி ஓயவில்லை. கனெக்டிகட்டில் ஒரு பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, பெண்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பு தரவேண்டும் என்ற சட்டத்துக்கு சியர் அணியைக் கணக்குக் காட்டியபோது, 2010-ல் நீதிமன்றம் அதை விளையாட்டாக ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 2014-லும் விளையாட்டாக அங்கீகரியுங்கள் என்றன. பெயருக்காக அல்ல. அங்கீகாரம் இருந்தால்தான் தகுதியுள்ள பயிற்சியாளர், காயம் பார்க்கும் அத்லெடிக் டிரெய்னர், ஒழுங்கான இடம் எல்லாம் கிடைக்கும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பயிற்சியாளர் ஸ்டன்ட் பாதுகாப்பில் சான்றிதழ் பெற்றவரா, புது வித்தையை முதலில் எந்தத் தரையில் பழக்குகிறார், பின்னால் பிடிக்க ஆள் நிறுத்துகிறாரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

ஃப்ளையராக இருக்கும் பெண்கள் எடை கூடக்கூடாதென்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். வளரும் எலும்புக்கு அது செய்யும் கெடுதலை எந்த மேட்டாலும் தடுக்க முடியாது. சுவரேற்றத்தில் தீவிரமாக இறங்கிய பையன்களிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கிறேன். அவர்களுக்கு விரல் நடு மூட்டில் வலி நீடித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் விரிசல் இருக்கலாம்.

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற சட்டம் 2009-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, 2014-க்குள் 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் பல மாநிலங்களில் அது பள்ளிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் சியர் ஜிம்முக்கும் ஸ்கேட் பார்க்குக்கும் அது பொருந்தாமல் போகலாம். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். தலைவலி, வெளிச்சம் கூசுதல், படித்தது மனசில் நிற்காமை என்று பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. அடுத்த வாரம் போட்டி, இவள் இல்லாவிட்டால் பிரமிடே நிற்காது என்று அணி கெஞ்சும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை அனுப்பாதீர்கள்.