கொட்டகையில் உட்கார்ந்திருப்பது எந்தக் கொசு?

நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொசு பிடிக்கப் போனால், "இது புதுசா வந்திருக்கிற கொசுவா சார்?" என்று எஸ்டேட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் இல்லை. ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகையில், பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது இரண்டு மூன்று இனமாக இருப்பது சகஜம்.

அனாபிலிஸ்தானா என்று பார்ப்பது சுலபம். சுவரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். அதன் புழுவுக்கு மூச்சுக்குழல் நீண்டிருக்காது. தண்ணீரின் மேல் படுத்தவாக்கில் மிதக்கும். மற்றக் கொசுப்புழுக்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும்.

தலைவலியே இனம் பிரிப்பதில்தான். மலையடிவாரத்து மலேரியாவில் முக்கியமான கொசு அனாபிலிஸ் ஃபுளுவியாட்டிலிஸ். மெதுவாக ஓடும் தெளிந்த ஓடையின் புல்லோரத்தில் முட்டையிடும். லென்ஸில் ஒரே கொசு. குரோமோசோமைப் பார்த்தால் எஸ், டி, யு என்று தனித்தனி இனங்கள். எஸ் ஆளைத் தேடி வந்து கடிக்கும். மலேரியாவைப் பரப்புவதில் கெட்டிக்காரி. டி பெரும்பாலும் மாட்டோடு நின்றுகொள்ளும். அது மட்டும் இருக்கிற ஊரில் ஃபுளுவியாட்டிலிஸ் என்ற பெயரை வைத்தே வீடு வீடாக மருந்தடித்தால் காசும் உழைப்பும் வீண்.

சரி, புது இனம் என்று எப்போது சொல்லலாம்? விடியற்காலையில் மாட்டுக்கொட்டகையில் டார்ச் அடித்து, ரத்தம் குடித்த பெண் கொசுவை உறிஞ்சுகுழலில் பிடிப்போம். ஒன்றுக்கு ஒரு குப்பி. அடியில் ஈரப் பஞ்சு, மேலே காகிதம். முட்டையிட்டதும் அந்த ஒரு தாயின் பிள்ளைகளை மட்டும் தனியாக வளர்ப்போம். புழு உரித்த தோலைக்கூட எறிவதில்லை. அந்தத் தோல், கூட்டுப்புழு உரித்த தோல், வளர்ந்த கொசு மூன்றுக்கும் ஒரே எண். மரபணுச் சோதனைக்கு ஒரு கால் போதும், மீதி உடம்பு மாதிரியாக இருக்கும். பெயர் வைக்கும்போது ஒரு கொசுவை மூல மாதிரி என்று குறித்து, அருங்காட்சியகம் போன்ற நிரந்தரச் சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டும். மரபணுவில் நாலு எழுத்து மாறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் புது இனம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், புது இனமாகவே இருந்தாலும் அது மலேரியாவைப் பரப்புகிறது என்று ஆகிவிடாது. உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீலகிரியிலேயே, அனாபிலிஸ் எலிகன்ஸ் பரப்புவது குரங்குகளின் மலேரியாவை என்று 1963இல் ஓர் ஆய்வு வந்தது.

ஊட்டிக்காரர்கள் 'எங்களுக்கென்ன' என்று இருந்துவிட வேண்டாம். ஏறத்தாழ 16 டிகிரிக்குக் கீழே வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளராது என்பது உண்மைதான். ஆனால் கீழே கடி வாங்கி மேலே வந்து படுப்பவர்கள் உண்டு. வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கிப் பல மாதம் கழித்தும் காய்ச்சலைக் கொடுக்கும். குளிர்காய்ச்சல் வந்தால் எந்த ஊரில் எப்போது தங்கினீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள்.