வாளியை எடுக்கும் முன் ஏற்றமா வற்றமா பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. வெள்ளம் நின்ற உயரத்துக்கு வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு. வலையிலும் படகிலும் கூழைக்கடாவின் இறகிலும் அதே பிசுக்கு. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை அள்ளிய வாளிகளை மறுபடியும் பார்த்தோம்.

வாளி தப்பில்லை. ஆனால் கழிமுகத்தில் எண்ணெய் ஒரே இடத்தில் நிற்காது. வற்றத்தில், அதாவது கடல்நீர் வடியும்போது, முகத்துவாரத்துக்குப் போவது, ஏற்றத்தில், கடல்நீர் ஏறும்போது, உள்ளே திரும்பி அலையாத்திக் காட்டுக்குள் ஏறும். அதனால் முதல் வேலை, தண்ணீரில் மிதந்து எண்ணெயை மறிக்கும் மிதவைத் தடுப்பு போடுவது. பலர் அதை ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டிவிடுகிறார்கள். நீரோட்டம் முக்கால் நாட் (knot) வேகத்தை, அதாவது மணிக்குச் சுமார் 1.4 கிலோமீட்டரைத் தொட்டாலே எண்ணெய் தடுப்புக்கு அடியில் நழுவிப் போய்விடும். சாய்வாகக் கட்டினால் ஓட்டம் குறைந்த கரைக்கு அதுவே ஒதுங்கும். அங்கே உறிஞ்சு லாரியை நிறுத்தலாம். ஓட்டம் எங்கே குறைவு என்று என் வரைபடத்தைவிட அங்கே வலை போடுபவருக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சிகளில் தவறாமல் வரும் கேள்வி: "சோப்புத்தூள் கொட்டினா கரைஞ்சிடாதா சார்?" கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். துளித்துளியாகப் பிரிந்து ஆழமில்லாத தண்ணீரில் கலந்து சேற்றில் படியும். அந்தச் சேற்றைக் கையால் தடவித்தான் இங்கே இறால் பிடிக்கிறார்கள். அலையாத்தியின் மூச்சு வேர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று கூட்டமாக உள்ளே இறங்குவதும் இதே கதைதான். மேலே இருக்கும் எண்ணெயை மிதித்து உள்ளே புதைக்கிறோம். அங்கே பலகை போட்டு, சில பேர் மட்டும் போனால் போதும்.

அப்புறம் உடம்பு. வாடை பலமாக இருக்கும் முதல் நாட்களில் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ளது வேண்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். கையுறை, முழங்கால் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் வெந்துபோகும், சாமி! சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள்.

எண்ணெய் பட்ட ஆகாயத்தாமரையை எரிக்கக் கூடாது, குப்பைமேட்டிலும் கொட்டக் கூடாது. அபாயக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும். அதுவரை அள்ளியதைப் போட்ட பீப்பாய்களை மூடி, ஏற்றம் எட்டாத மேட்டில் வையுங்கள். ஒருமுறை கரையோரமாக அடுக்கியவை ராத்திரி ஏற்றத்தில் சாய்ந்துவிட்டன. மறுநாள் அதே ஆட்கள், அதே இடத்தில், அதே எண்ணெயை அள்ளினார்கள்.