மலைப்பாதை ஏன் வளைந்து வளைந்து ஏறுகிறது?

உச்சி கண்ணுக்கு நேரே தெரிகிறது. பாதையோ இடப்புறம் நீண்டு, கொண்டை ஊசிபோல் திரும்பி, வந்த திசைக்கே போகிறது. குறுக்கே ஏறிவிட்டால் என்ன என்று முதல்முறை மலையேறுகிறவர் எவருக்கும் தோன்றும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 1000 மீட்டர் உயர, புவியீர்ப்புக்கு எதிராக ஏறத்தாழ 590 கிலோஜூல் வேலை செய்தாக வேண்டும். எந்த வழியில் போனாலும் இதில் தள்ளுபடி கிடையாது. தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் கால்பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சம் வெப்பமாகிவிடும். குளிர்காற்றிலும் சட்டை நனைவது அதனால்தான். வளைந்த பாதை இந்தக் கடனைத் தவணையாக்கித் தருகிறது: நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் உயரம் குறைவதால் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கின்றன. 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் உயர, நேராக 200 மீட்டர் நடந்தால் போதும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பாதை போட்டால் அதுவே ஒரு கிலோமீட்டர் ஆகும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையில் முழுதாகப் படியும். செங்குத்தில் குதிகால் அந்தரத்தில் நிற்க, உடம்பின் பாரம் கெண்டைக்கால் தசையில் இறங்கும். சிறிது நேரத்திலேயே அங்கே நெருப்பாய் எரியும்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம்.

பாதை அமைப்பவர்களுக்குக் காலைவிடப் பெரிய கவலை தண்ணீர். சரிவில் நேர்கோடாகப் பதிந்த தடம் மழைக்கு வெட்டிவைத்த வாய்க்கால். வேகமெடுக்கும் நீர் முதலில் பொடிமண்ணை அரிக்கும், பிறகு கூழாங்கற்களை உருட்டும், கடைசியில் மரவேர்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தைத் தவிர்க்க நடப்பவர்கள் ஓரப் புல்லில் கால்வைக்க, புல்லும் போய்விடும். இதனால்தான் பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பாதையின் வெளிவிளிம்பையும் சற்றே தாழ்த்தி விடுவார்கள். நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும்.

சில இடங்களில் பாதைக்குக் குறுக்கே கற்களைச் சாய்வாகப் பதித்திருப்பார்கள். மழைக்குப் பின் அங்கே குனிந்து பாருங்கள்: கல்வரிசையின் மேற்பக்கம் மணலும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும், அருகிலேயே நீர் திரும்பிப் புதருக்குள் இறங்கிய ஈரத்தடம் தெரியும். மலைப்பாதையில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

இரண்டு வளைவுகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் மெல்லிய தடம் ஒன்றும் பெரும்பாலும் கண்ணில் படும். யாரோ அவசரத்தில் குறுக்கே இறங்கிய தடம் அது. அங்கே புல் மடிந்து மண் தெரியத் தொடங்கிவிட்டால், அடுத்த மழை அந்த வழியாகத்தான் இறங்கும்.