முகத்தைப் பார்க்கும் நாயா, மூக்கை நம்பும் நாயா?

லாப்ரடார் வாங்கலாமா, பீகிள் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: கூப்பிட்டால் உடனே வந்தாக வேண்டுமா? பெரும்பாலும் சிரிப்பார்கள். கூப்பிட்டால் எந்த நாய்தான் வராது?

பீகிள் வராது. சரியாகச் சொன்னால், தரையில் ஒரு வாசனையைப் பிடித்துவிட்ட பீகிள் வராது. மூக்கு புல்லுக்குள் புதைந்திருக்கும், வால் நுனியின் வெள்ளை மட்டும் மேலே ஆடிக்கொண்டு போகும். தொண்டை வறளப் பெயர் சொல்லிக் கத்தினாலும் திரும்பாது. அதே புல்வெளியில் லாப்ரடாரை விட்டுப் பாருங்கள். பத்தடி ஓடியதும் ஒருமுறை நின்று நம் முகத்தைப் பார்க்கும்.

இதில் வளர்த்தவர் குற்றம் அதிகம் இல்லை. இரண்டையும் உருவாக்கிய வேலை அப்படி. ஓநாயின் வேட்டையை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள்: தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதர்கள் தங்களுக்கு வேண்டிய நாய்களைப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியபோது சில கண்ணிகள் தடித்தன, சில தேய்ந்தன. ஆட்டு மந்தையை ஓட்டும் பார்டர் காலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் மிஞ்சி நிற்கும், கடி அடங்கியிருக்கும். லாப்ரடாரிடம் கவ்வுவது தங்கிவிட்டது, கொல்வது தேய்ந்துவிட்டது.

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். பிரிட்டனுக்குப் போய், சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் பதியாமல் எடுத்துவரும் நாயாக மாறின. 1903-இல் அங்குள்ள கென்னல் கிளப், அதாவது நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம், இதைத் தனி இனமாக ஏற்றது. அடி பருத்த அந்த வால் தண்ணீரில் சுக்கான் மாதிரி உதவும். வீட்டில் டீ கோப்பைகளைத் தட்டிவிட உதவும். இதற்கு வேலை ஆரம்பிப்பதே மனிதர் கைகாட்டிய பிறகுதான். அதுவரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

பீகிள் கதை தலைகீழ். முயலின் தடத்தை மோந்துகொண்டு கூட்டமாக முன்னே ஓடும். மனிதர்கள் பின்னால் மூச்சிரைக்க நடந்து வருவார்கள். நாய்கள் எங்கே போயின என்று தெரிய அவர்களுக்கு இருந்த அடையாளங்கள் இரண்டு: அந்த வெள்ளை வால் நுனி, நெடுந்தூரம் கேட்கும் குரல். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லும் அந்த நீண்ட ஊளைதான் வேட்டைக்காரருக்கு வரம். மனிதரிடம் திரும்பித் திரும்பி அனுமதி கேட்ட பீகிள் தடத்தைத் தவறவிட்டிருக்கும். நாய்களின் அறிவுப் பட்டியல்களில் பீகிளைக் கடைசிப் பக்கம் தள்ளுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அங்கே அளப்பது சொன்னபடி கேட்பதை.

மோப்பம் பிடிக்கும் நாய் நொடிக்குச் சுமார் ஐந்து முறை மூச்சை உள்ளிழுக்கும். வெளிவிடும் காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுவதால் முன்னாலிருந்து வரும் புது வாசனை கலையாது. பீகிளை வெளியே கூட்டிப்போகிறவர் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் விறுவிறு நடையைவிட ஒரு வேலியோரத்தை இருபது நிமிடம் மோந்து தீர்ப்பது அதற்குத் திருப்தி. கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டுமே பேராசைக்காரர்கள் என்று பெயர். லாப்ரடாரின் பசிக்கு மரபணுவில் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிஓஎம்சி என்ற மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இது உண்டு. 2024-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவாரசியம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டின் உணவு வைத்தபோது, இந்தக் குறை உள்ள நாய்கள் மற்றவற்றைவிட அதிகம் தின்னவில்லை. ஆனால் காலை உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, திறக்க முடியாத பெட்டிக்குள் சாசேஜைக் காட்டியதும் அதை எடுக்க அவைதான் விடாமல் போராடின. வயிறு நிறையாததல்ல சிக்கல். இரண்டு வேளைக்கு நடுவே சீக்கிரம் பசித்துவிடுகிறது. போதாததற்கு, சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலும் கால்பங்கு குறைவு. பாவம். ஆகவே வீட்டில் ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் போடும் பழக்கம் இருந்தால் லாப்ரடார் உருண்டுவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லாப்ரடார்களில் முக்கால்வாசிக்கு இதே குறை இருந்தது. தீனிக்கு ஆசைப்படும் நாயைப் பழக்குவது சுலபம் என்பதால் அவை தேர்வாகியிருக்கலாம்.

உடல் அளவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது கிலோ லாப்ரடார், இரண்டு வயதுவரை குட்டிப் புத்தியோடு, கயிற்றை இழுத்தால் வயதானவர் நிலைதடுமாறுவார். பத்துப் பன்னிரண்டு கிலோ பீகிளைத் தூக்கி காரில் வைத்துவிடலாம். முடி இரண்டும் கொட்டும். நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடக்குமென்றால் இரண்டுமே வேண்டாம். கூட்டத்தில் வாழப் பழகிய பீகிள் தனிமையை ஊரறியச் சொல்லும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் சயின்ஸ் இதழில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். எரிச்சலூட்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதை இனத்தை வைத்து ஊகிக்கவே முடியவில்லை. இனத்துக்கு இனம் ஓரளவு தெளிவாக மாறிய குணம், மனிதர் சொல்லுக்கு இணங்குவது. அதனால்தான் முதல் கேள்வியாக அதைக் கேட்கிறேன். அதிலும் ஊளையிடாத பீகிளும், பந்தை ஏறெடுத்தும் பார்க்காத லாப்ரடாரும் உண்டு.

எட்டு வாரக் குட்டியிடம் இதையெல்லாம் கண்டுபிடிப்பது கடினம்; எல்லாக் குட்டியும் கடிக்கும், தூங்கும், தரையை நனைக்கும். முடிந்தால் தாய் நாயோடு அரைமணி நேரம் இருந்து பாருங்கள். காப்பகத்தில் வளர்ந்த நாயை எடுப்பதென்றால் இன்னும் வசதி: ஒரு தின்பண்டத்தை மூடிய டப்பாவில் போட்டு அதன் முன் வையுங்கள். சில நாய் டப்பாவைப் புரட்டிக்கொண்டே இருக்கும். சில நாய் இரண்டு முறை தட்டிவிட்டு, திறந்து கொடேன் என்று உங்களைப் பார்க்கும்.